செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸ்: இரண்டு சீசன் ஆடி 38 ஆண்டு சம்பாதித்த அணி. கெட்டிக்காரத்தனமா, அதிர்ஷ்டமா?

கோட்டுக்கு_வெளியே (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் 1974 முதல் 1976 வரை இரண்டே சீசன் ஆடிவிட்டுக் கலைந்துபோன ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உரிமையாளர்கள் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்த அணியில் யார் ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்பது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறிமுகமில்லாதவர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 1967 இல், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போட்டியாக ஏபிஏ என்ற லீக் தொடங்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறம் பூசிய பந்தும், மூன்று புள்ளிக் கோடும் அந்த லீக்கின் அடையாளங்கள். பணம்தான் அங்கே எப்போதும் பற்றாக்குறை. நிலையான தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தம் அந்த லீக்குக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. நாம் பேசும் அணிகூட முதலில் ஹூஸ்டன் மேவரிக்ஸாக இருந்து, 1969 இல் கரோலினா கூகர்ஸாக மாறி, 1974 இல்தான் செயின்ட் லூயிஸுக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்கி அங்கே கொண்டுவந்தவர்கள், துணித் தொழிலில் பணம் சேர்த்த ஆஸி சில்னா, டேனியல் சில்னா என்ற நியூ ஜெர்சிச் சகோதரர்களும், அவர்களுடைய வழக்கறிஞர் டொனால்டு ஷுபாக்கும். 1927 இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த விமானத்தின் பெயரையே அணிக்கு வைத்தார்கள்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில்னா சகோதரர்களைத் தீர்க்கதரிசிகள் என்று புகழ்வது மிகை. எதிரே இருந்தவர்களிடம் ரொக்கம் இல்லாததால் மதிப்பில்லை என்று அவர்கள் நினைத்த ஒன்றைக் கொடுத்தார்கள், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

பழைய_ஸ்கோர்புக்

ஒப்பந்தத்துக்குப் போகுமுன் ஆட்டத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் 1975 ஏப்ரலில் அந்த அணி செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த வீரர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

முதல் சீசனின் கணக்கு 32 வெற்றி, 52 தோல்வி. அதை வைத்துக்கொண்டு பிளே-ஆஃபுக்குள் நுழைந்ததே லீக்கில் அணிகள் குறைவாக இருந்ததால்தான். எதிரே நின்றது நியூயார்க் நெட்ஸ். அது முந்தைய ஆண்டின் சாம்பியன். ஜூலியஸ் எர்விங் ஆடிய அணி. அந்த சீசனில் 58 ஆட்டங்களை வென்றிருந்தது. லீக் ஆட்டங்களில் இந்த இரண்டு அணிகளும் 11 முறை மோதின, பதினொன்றிலும் நெட்ஸே வென்றது. தொடரின் முதல் ஆட்டத்தையும் நெட்ஸ் வென்றபோது பன்னிரண்டாவது தோல்வி என்று எல்லாரும் எழுதி முடித்திருப்பார்கள். அதன் பிறகு ஸ்பிரிட்ஸ் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களை வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், சில நொடிகளே மிச்சமிருக்க, ஃப்ரெடி லூயிஸ் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது, 108-107. இண்டியானாவில் ஏற்கனவே மூன்று சாம்பியன் பட்டம் பார்த்த மூத்த கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வீரர்) அவர். இளங்காளைகள் நிறைந்த அந்த அணியில் பொறுப்பானவர் என்று நம்பிக் கையில் பந்தைக் கொடுக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

அடுத்த சுற்றில் கென்டக்கி கர்னல்ஸ் 4-1 என்று வெளியேற்றியது. அந்த கென்டக்கிதான் அந்த ஆண்டின் சாம்பியன் என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர்ப்பட்டியலையும் பாருங்கள். மார்வின் பார்ன்ஸ், மாரிஸ் லூக்காஸ், கஸ் ஜெரார்டு, புரூக்ளின் தெருவோர ஆடுகளங்களில் பெயரெடுத்த ஃப்ளை வில்லியம்ஸ். இரண்டாவது சீசனில் மோசஸ் மலோன், எம். எல். கார், ரான் பூன், கால்டுவெல் ஜோன்ஸ், டான் சேனி. வெற்றி 35, தோல்வி 49 என்று முடித்த ஓர் அணியில் இத்தனை திறமை இருந்ததா என்று இப்போது படிக்கும்போது திகைப்பாக இருக்கிறது. முதல் சீசனில் லூக்காஸ் அடித்த ஒரு குத்தும் புகழ்பெற்றது: ஏழடி இரண்டங்குல உயரமுள்ள ஆர்ட்டிஸ் கில்மோர் கோபத்தோடு துரத்திவர, பின்வாங்கிக்கொண்டே இருந்த லூக்காஸ் சட்டென்று நின்று விட்ட ஒரே அடியில் கில்மோர் தரையில் விழுந்தார். தோளைத் தட்டிப் பேச ஆளில்லாத ஒரு புது வீரருக்கு அதன் பிறகு லீக் முழுவதும் வழி விட்டது.

ஆறாவது_ஆள்

பார்ன்ஸைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் இந்த இழை நிறைவடையாது. லூயிவில் நகரிலிருந்து செயின்ட் லூயிஸுக்குத் திரும்பும் விமானத்தின் பயணச்சீட்டைப் பார்க்கிறார். இரண்டு நகரங்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் என்பதால், புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பாகவே அந்த விமானம் போய்ச் சேர்வதாகச் சீட்டில் அச்சாகியிருக்கிறது. காலயந்திரத்திலெல்லாம் தான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தரைவழியே போய்விட்டாராம். அந்த அணியின் ஆட்டங்களை கேஎம்ஓஎக்ஸ் வானொலியில் வர்ணனை செய்தவர் பாப் காஸ்டாஸ். அப்போது அவருக்கு 22 வயது. பிற்காலத்தில் அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பின் மிகப் பெரிய குரல்களில் ஒன்றானார். அவர் வாயால் இந்தக் கதை பல முறை சொல்லப்பட்டிருக்கிறது.

சிரிப்புக்கு நடுவில் ஒன்றை மறக்கக் கூடாது. அதே பார்ன்ஸ்தான் முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளியும் 15.6 ரீபவுண்டும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றவர். அதே சீசனின் தொடக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போய், ஒஹாயோவில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அருகில் கண்டுபிடிக்கப்பட்டவரும் அவர்தான். போதைப் பழக்கம் அவருடைய ஆட்டத்தை வெகு சீக்கிரம் தின்றுவிட்டது. 2014 இல் காலமானார்.

பத்திர_எழுத்தர்

ஆவணங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இழையைத் தொடங்கியவரின் கருத்தோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை.

1975-76 சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே சான் டியேகோ அணியும் யூட்டா அணியும் மூடப்பட்டன. மோசஸ் மலோன் செயின்ட் லூயிஸுக்கு வந்ததே யூட்டா மூடப்பட்டதால்தான். சீசனின் முடிவில் ஏழு அணிகள் எஞ்சின, அதில் வர்ஜீனியாவும், ஏபிஏ என்பிஏவோடு இணைந்த இணைப்புக்குச் சில வாரம் முன்பு விழுந்தது. 1976 ஜூன் 17 அன்று மசாசூசெட்ஸின் ஹயானிஸில் இணைப்பு முடிவானபோது என்பிஏ நான்கு அணிகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது: டென்வர், இண்டியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ. கென்டக்கியும் செயின்ட் லூயிஸும் வெளியே நின்றன. அந்த இரண்டு உரிமையாளர்களின் ஒப்புதலும் இல்லாமல் இணைப்பு நடக்காது என்பதால், உள்ளே போன நான்கு அணிகளும் அவர்களுக்கு ஈடு கொடுத்தாக வேண்டியிருந்தது.

கென்டக்கியின் ஜான் ஒய். பிரவுன், கோழி வறுவல் கடைகளால் கோடீஸ்வரரானவர், சுமார் 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். சில்னா தரப்பு ரொக்கமாக 22 லட்சம் டாலர் மட்டும் கேட்டது. அதோடு, நான்கு அணிகளும் என்பிஏவின் தேசியத் தொலைக்காட்சி வருவாயில் பெறும் பங்கில் ஏழில் ஒரு பகுதியை ஒவ்வொன்றும் தங்களுக்குத் தர வேண்டும் என்றது. நான்கு அணி, ஆளுக்கு ஏழில் ஒன்று. ஆக ஓர் அணியின் பங்கில் ஏழில் நான்கு. எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்விக்கு அந்தப் பத்திரத்தில் இருந்த பதில், என்பிஏவோ அதன் வழிவந்த அமைப்போ நீடிக்கும் காலம் வரை என்பது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்பதற்குக் காரணம் அந்தக் கடைசி வாசகம்தான். பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று ஓர் எண்ணை எழுதுவது எந்த வழக்கறிஞருக்கும் கைப்பழக்கம். எண்ணை விட்டுவிட்டு லீக்கின் ஆயுளையே காலவரையறையாக எழுதியவர், தான் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்பில் அந்த வரியைப் படித்துவிட்டு ஓர் உச்சவரம்பையாவது கேட்காமல் கையெழுத்திட்டவர்களின் அலட்சியத்தை வேண்டுமானால் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்கலாம்.

கோட்டுக்கு_வெளியே

பத்திர எழுத்தர் அவர்களின் வாதம் வலுவானது. ஆனாலும் கையெழுத்திட்டவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்கள் இருந்த நிலையைப் பாருங்கள்.

நான்கு அணிகளும் உள்ளே நுழைய ஆளுக்கு 32 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் அவர்களுக்கே பங்கு கிடையாது. நெட்ஸ் இதற்கும் மேலாக, நியூயார்க்கில் ஏற்கனவே இருந்த என்பிஏ அணியான நிக்ஸின் எல்லைக்குள் ஆடுவதற்காக அந்த அணிக்கு 48 லட்சம் டாலர் ஈடு தர வேண்டியிருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் ஜூலியஸ் எர்விங்கை 30 லட்சம் டாலருக்கு ஃபிலடெல்பியாவுக்கு விற்றது. அவரை இழந்த அடுத்த சீசனில் 22 ஆட்டம் மட்டுமே வென்றது. வீட்டை விற்றுப் பந்தியில் இடம் பிடித்த கதை. இப்படிப்பட்டவர்களிடம் வந்து ரொக்கத்தைக் குறைத்துக்கொள்கிறேன், நாளைக்கு வரப்போகும் பணத்தில் ஒரு துண்டு கொடுங்கள் என்றால் கும்பிட்டுக் கொடுக்கத்தான் செய்வார்கள்.

அந்தக் காலத்தில் கூடைப்பந்தின் தொலைக்காட்சி மதிப்பு என்னவாக இருந்தது என்பதற்கு ஒரே சான்று போதும். நான்கு ஆண்டு கழித்து, 1980 இறுதித் தொடரில் மாஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆறாவது ஆட்டத்தைக்கூட நாட்டின் பெரும்பகுதியில் சிபிஎஸ் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டவில்லை. பதிவு செய்து பின்னிரவில் ஒளிபரப்பியது. இறுதி ஆட்டத்துக்கே அந்த மரியாதை என்றால், 1976 இல் அந்தப் பங்கை யார் பொக்கிஷம் என்று நினைத்திருப்பார்கள்? அன்றைக்கு 30 லட்சத்தை எண்ணி வாங்கிய பிரவுன்தான் புத்திசாலியாகத் தெரிந்திருப்பார். அந்தப் பணத்தில் பாதியை வைத்தே பஃபலோ அணியில் பாதியை வாங்கினார், பிறகு அதை மாற்றி பாஸ்டன் செல்டிக்ஸுக்கே உரிமையாளரானார், அதன் பிறகு கென்டக்கியின் ஆளுநரும் ஆனார். அவரைத் தோற்றவர் என்று எழுதுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கணக்கேடு

வாதத்துக்கு நடுவில் எண்களைப் போட்டுவிடுகிறேன். தேசிய ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து, 30 அணிகளால் வகுத்து, ஏழில் நான்கு எடுத்திருக்கிறேன். இவை என் மதிப்பீடுகளே தவிர உண்மையில் எழுதப்பட்ட காசோலைத் தொகைகள் அல்ல.

2008 இல் தொடங்கிய எட்டாண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 740 கோடி டாலர். ஆண்டுக்கு 92.5 கோடி, ஓர் அணிக்கு சுமார் 3.08 கோடி, அதில் ஏழில் நான்கு என்றால் சுமார் 1.76 கோடி டாலர். ஒரு வீரருக்கும் சம்பளம் கொடுக்காமல், ஒரு விளக்கையும் எரிக்காமல், ஆண்டுதோறும். தொடக்கத்திலிருந்து 2014 வரை வந்த மொத்தம் சுமார் 30 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது. இதில் ஷுபாக்கின் பங்கு 10 சதவீதம், மிச்சம் சகோதரர்களுக்கு.

என்பிஏவுக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1982 இல் பேச்சுவார்த்தை நடந்தது. லீக் தரப்பு எட்டாண்டுகளில் 50 லட்சம் தருவதாகச் சொன்னது, சில்னா தரப்பு ஐந்தாண்டுகளில் 80 லட்சம் கேட்டது. பேரம் படியவில்லை. முப்பது லட்சம் டாலர் இடைவெளி!

பத்திர_எழுத்தர்

கணக்கேடு அவர்கள் கொடுத்த 1982 தகவல் என் வாதத்தை அசைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டில் 80 லட்சத்துக்கு விற்கத் தயாராக இருந்தவர்கள் எதிர்காலத்தைக் கண்டவர்களாக இருந்திருக்க முடியாது. வாசகத்தை எழுதிய கை தெளிவாக இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பின் அவர்கள் அந்த வாசகத்தைக் காத்த விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 2012 இல் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, லீக்கின் சொந்த அலைவரிசை, இணைய ஒளிபரப்பு, வெளிநாட்டு ஒளிபரப்பு ஆகியவற்றின் வருவாயிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். 1976 இல் எழுதிய ‘தொலைக்காட்சி வருவாய்’ என்ற சொல்லுக்குள் அப்போது இல்லாத ஊடகங்கள் அடங்குமா என்ற கேள்வி, என் தொழிலில் இருப்பவர்களுக்கு விருந்து. தீர்ப்பு வருவதற்குள் 2014 ஜனவரியில் சமரசம் ஆகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். 50 கோடி டாலர் முன்பணமாகப் பெற்றுக்கொண்டு பழைய உரிமையை விட்டுக்கொடுத்தார்கள்.

கணக்கேடு

அந்தச் சமரசத்தில் யாருக்கு லாபம் என்பதையும் பார்த்துவிடலாம். 2014 ஜனவரியில் கையெழுத்து. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் ஒப்பந்தத்தை லீக் அறிவித்தது. பழைய உரிமை இருந்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் போயிருக்கும். 2025 முதல் பதினோரு ஆண்டுகளுக்கு 7,600 கோடி என்ற புதிய ஒப்பந்தத்தில் அதுவே ஆண்டுக்கு 13 கோடி. 50 கோடி கொடுத்து லீக்தான் தப்பித்தது என்பது என் முடிவு.

ஆறாவது_ஆள்

பணம் வாங்கியவர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். செயின்ட் லூயிஸில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

அந்த நகரத்துக்கு ஏற்கனவே ஓர் அணி இருந்தது. பாப் பெட்டிட் ஆடிய ஹாக்ஸ் 1958 இல் அங்கே என்பிஏ பட்டம் வென்றது, 1968 இல் அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. ஆறாண்டு கழித்து வந்த ஸ்பிரிட்ஸுக்கு ஏறத்தாழ 18,000 பேர் அமரக்கூடிய அரங்கம் கிடைத்தது. பெரும்பாலான இரவுகளில் அதில் கால்வாசிகூட நிரம்பவில்லை. உரிமையாளர்கள் நியூ ஜெர்சியில் இருந்தார்கள். இணைப்பு வரும் என்று கணித்துத்தான் அணியை வாங்கினார்கள் என்பதையும், 1976 இல் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றி யூட்டா ராக்கீஸ் என்று பெயர் வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நகரம் அவர்களுக்கு ஒரு காத்திருப்பு அறை மட்டுமே என்று தோன்றுகிறது.

வீரர்கள் கதை இன்னும் கசப்பு. என்பிஏவுக்குப் போக முடியாமல் ஏபிஏவோடு முடிந்துபோன வீரர்கள் ஓய்வூதியத்துக்காகப் பல்லாண்டு போராடினார்கள். 2022 ஜூலையில்தான் சுமார் 115 பேருக்காக 2.45 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மூன்று ஆண்டாவது ஆடியிருந்தால்தான் தகுதி. ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் வருடத்துக்கு 3,828 டாலர். கணக்கேடு அவர்கள் போட்ட எண்களுக்கு அருகில் இதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஸ்கோர்புக்

அணி கலைந்ததும் வீரர்கள் சிதறிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஏபிஏ வீரர்களைப் பங்கிட நடந்த ட்ராஃப்டில் முதல் பெயர் கில்மோர். அடுத்த நான்கும் லூக்காஸ், ரான் பூன், பார்ன்ஸ், மலோன் என்று வந்தன. நால்வரும் ஸ்பிரிட்ஸ் சட்டை அணிந்தவர்கள் (லூக்காஸ் அதற்குள் கென்டக்கிக்கு மாற்றப்பட்டிருந்தார்). அடுத்த ஆண்டே போர்ட்லாண்டுக்கு லூக்காஸ் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மலோன் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்று, 1983 இல் ஃபிலடெல்பியாவைச் சாம்பியனாக்கினார். இரண்டாவது சீசனில் ஸ்பிரிட்ஸுக்கு ஆடிய மைக் டி’ஆன்டோனி பிற்காலத்தில் ஃபீனிக்ஸின் வேக ஆட்டத்தை வடிவமைத்த பயிற்சியாளர். அதே சீசனில் பாதிவரை பயிற்சியாளராக இருந்த ராட் தார்ன், 1984 இல் சிகாகோவுக்காக மைக்கேல் ஜோர்டனைத் தேர்ந்தெடுத்தவர்.

அந்த அரங்கம் 1999 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செயின்ட் லூயிஸுக்கு இன்றுவரை வேறு என்பிஏ அணி வரவில்லை.

கோட்டுக்கு_வெளியே

எழுதிய அனைவருக்கும் நன்றி. தலைப்பில் நான் போட்ட ‘38 ஆண்டு’ இரண்டு முனையிலும் தவறு என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நான்கு அணிகளுக்கே முதல் மூன்று ஆண்டு தொலைக்காட்சிப் பங்கு இல்லை என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். எனவே சில்னாக்களுக்கும் 1976 இலிருந்தே பணம் வந்திருக்க வழியில்லை. மறுமுனையில், 2014 சமரசத்துக்குப் பிறகும் ஒரு சிறிய வருவாய் அந்த நான்கு அணிகளோடு அமைத்த கூட்டு நிறுவனம் வழியாகத் தொடரும் என்றே ஏற்பாடு இருந்தது. பதில்கள் வந்த பிறகு தலைப்பை மாற்ற இந்தத் தளம் அனுமதிப்பதில்லை என்பதால் திருத்தத்தை இங்கேயே பதிந்துவைக்கிறேன்.